அந்நியன் அல்ல, நம்ம ஆள்

சில மாதங்களுக்கு முன் ஒரு வாசிப்பு வட்டத்தில் சிறுகதையொன்று பேசப்பட்டது. மனைவியின் கைத்தொலைபேசியை இரவிரவாகச் சோதிக்கும் கணவனின் கதை. வாசித்து முடிந்ததும் ஒரு தம்பி சொன்னார்: “அவன் ஒரு சைக்கோ.” எல்லோரும் தலையாட்டினோம். பேச்சு அத்தோடு முடிந்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அந்த ஒற்றைச் சொல்லைப் போட்டு ஒரு மனிதனைப் பற்றி யோசிக்கும் வேலையிலிருந்தே தப்பிவிட்டோம்.

இந்தச் சொல்லை நமக்குப் பழக்கியது சினிமாதான். ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) படத்தில் சிறுவயதுக் காயம் ஒருவனைப் பெண்களைக் கொல்பவனாக்குகிறது. மட்டக்களப்பு மண்ணில் பிறந்த பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’யும் (1980) ஏறக்குறைய அதே வழியில்தான் போகிறது. குழந்தைப் பருவத்தைத் திரும்பிப் பார்க்கச் சொன்னது இப்படங்களின் நல்ல பக்கம். ஆனால், ஒரு காயம், அதிலிருந்து நேராகக் கொலை என்ற கணக்குத் தவறு. ஆளுமைக் கோளாறு பிறவிச் சுபாவமும் வளர்ந்த சூழலும் பின்னிப் பிணைந்து உருவாவது. அது உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாரையும் கொல்வதில்லை.

2005இல் ‘சந்திரமுகி’யும் ‘அந்நியனு’ம் சில வாரங்கள் இடைவெளியில் வந்தன. ஓர் உடலுக்குள் இரண்டு மூன்று பேர். இதைத்தான் ஆளுமைக் கோளாறு என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது வேறு நோய். அமெரிக்க உளமருத்துவக் கையேடு அதனை விலகல் கோளாறுகள் என்ற தனிப் பிரிவில்தான் வைத்திருக்கிறது. 1994இல் அதன் பெயரில் இருந்த ‘பல ஆளுமை’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டது.

ஆளுமைக் கோளாற்றில் இரண்டாவது ஆள் என்று யாருமில்லை. அதே ஆள்தான். தன்னைப் பார்க்கும் விதமும் பிறரோடு பழகும் விதமும் இளவயதிலிருந்தே வளைந்து கொடுக்காமல் இறுகிப்போய், வீட்டிலும் தொழிலிலும் நட்பிலும் திரும்பத் திரும்ப முறிவை உண்டாக்கும். அந்தக் கையேடு இதில் பத்து வகை சொல்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் 11ஆவது நோய்ப் பகுப்போ அந்த வகைகளைப் பெரும்பாலும் கைவிட்டு, கோளாறு எவ்வளவு கடுமையானது என்பதை முதலில் பார்க்கச் சொல்கிறது. மருத்துவர்களே பெயர்ப்பலகைகளைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, நாம் பெயர் ஒட்டுவதில் அவசரப்படுகிறோம்.

இது வெறும் சொல் பிரச்சினை இல்லை. நம்ம வீடுகளைப் பாருங்கள். “அவர்ட கொணம் அப்பிடித்தான், நீதான் பொறுத்துப் போகணும் மகள்” என்கிறோம். கையைக் கீறிக்கொள்ளும் பிள்ளையை “எல்லாம் நடிப்பு” என்கிறோம். சினிமாவில் பார்த்த கத்தி, சிரிப்பு, குரல் மாற்றம் எதுவும் இங்கே இல்லாததால் இது நோயாகவே நமக்குத் தெரிவதில்லை. தன்னை விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயத்தில் துடிக்கும் அந்தப் பிள்ளைக்கு எல்லைநிலை ஆளுமைக் கோளாறு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதை வைத்தியர் சொல்லட்டும். ஆனால், உயிராபத்து அங்கே உண்மையானது.

இதற்குப் பரிகாரம் இல்லை என்பதும் பழைய கதை. மார்ஷா லினஹான் என்ற அமெரிக்க உளவியலாளர், தன்னைத் தானே காயப்படுத்துவோருக்கென ஒரு பேச்சுச் சிகிச்சையை வகுத்தார். இன்று பல நாடுகளில் அது நடைமுறையில் உள்ளது. இளவயதில் தானும் அப்படிக் காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தவள்தான் என்று 2011இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். இந்தக் கதையை நம்ம சினிமா எடுக்காது. கடைசிக் காட்சியில் சடங்கு நடத்திக் குணமாக்கலாம். வருடக்கணக்கில் வாராவாரம் ஒரு அறையில் பேசிப் பேசிக் குணமாவதை எப்படிக் காட்டுவது?

சினிமாவால் முடியாவிட்டால் சிறுகதையால் முடியும். ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும்: விளங்கிக்கொள்வது வேறு, விட்டுக்கொடுப்பது வேறு. அடிவாங்கும் மனைவியிடம் “அவருக்கு வருத்தம், பாவம்” என்று சொல்லி மறுபடி அந்த வீட்டுக்குள் தள்ளுவது எந்த உளவியலும் அல்ல. அவளுக்குப் பாதுகாப்பு, அவனுக்கு வைத்தியம். இரண்டுமே தேவை.

அந்த வாசிப்பு வட்டக் கதைக்குத் திரும்புகிறேன். பிறகு அதைத் தனியே இன்னொரு முறை வாசித்தேன். போனைச் சோதித்துவிட்டு, மனைவி தூங்குகிறாளா என்று அவன் மூன்று தடவை எட்டிப் பார்க்கிறான். எழுதியவர் அதற்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறார். அவன் எதற்குப் பயப்படுகிறான், அவள் உண்மையில் தூங்குகிறாளா, பயத்தில் கண்ணை மூடிக் கிடக்கிறாளா? அன்று நாங்கள் பேசியிருக்க வேண்டியது இதைத்தான்.