மாட்டு வலியை எந்தக் கணக்கில் எழுதுவது?

கழுகு செத்தால் மனுஷன் சாவானா?

சாவான் என்று கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள், ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள். 2024-ல் 'அமெரிக்கன் எகனாமிக் ரெவ்யூ' இதழில் வெளியான ஆய்வுக் கட்டுரை அது. என்னை மாதிரி பி.காம். ஆசாமிகளுக்கு விருந்து. ஆனால், படித்து முடித்தபோது ஒரு குறை உறுத்தியது.

முதலில் நிறைகள். 1990-களில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து மலிவாகி மாட்டுக்கும் வந்தது. நம் முதுகுவலிக்குப் போடுகிற அதே மருந்துதான். ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்துப்போய், அதைப் பாறு கழுகு தின்றால் கதை முடிந்தது. சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து செத்துவிடும். 1992-ல் ஆயிரம் வெண்முதுகுப் பாறு இருந்த இடத்தில் 2007-ல் ஒன்றுதான் மிச்சம்.

அதனால் என்ன என்கிறீர்களா? செத்த மாட்டைத் தின்ன ஆளில்லை. நாய்கள் பெருகின. வெறிநோய் பயம் கூடியது. தண்ணீர் கெட்டது. கழுகுகள் நிறைய இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு, 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்கிறது கட்டுரை. வருஷ நஷ்டம் 6,940 கோடி டாலர்!

பிரமாதம். ஆனால், ரெட்டைப் பதிவு முறையில் ஒரு பற்று இருந்தால் ஒரு வரவும் இருக்க வேண்டுமே! அந்த ஊசியை எதற்காகப் போட்டார்கள்? ஒரு மாட்டுக்கு வலித்தது. மடிவீக்கமோ, கால் நொண்டலோ, கஷ்டப்பட்ட பிரசவமோ. அந்த வலி குறைந்ததே, அது எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது? எங்கேயும் இல்லை. மாடு கட்டுரைக்குள் வருகிறது, செத்த பிறகுதான் அதற்கு மதிப்பு.

மாடு தன் வலியை முடிந்தவரை மறைக்கும். பலவீனத்தைக் காட்டினால் புலி முதலில் தன்னைத்தான் பிடிக்கும் என்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. அசை போடாது, பல்லைக் கடிக்கும், முதுகை வளைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும். அவ்வளவுதான். கத்தாததால் வலியில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

நம் சட்டமும் இதே மாதிரி ஒரு பக்கமாகத்தான் எழுதுகிறது. மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் கூடாது என்று 2006-ல் தடை. மனிதர்களுக்கான பெரிய பாட்டில் தொழுவத்துக்குப் போகிறது என்று 2015-ல் ஊசி மருந்தை 3 மி.லி.க்குச் சுருக்கினார்கள். 2023-ல் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக். 2024 கடைசியில் நிமெசுலைட். எல்லாம் சரியான தடைகள், சந்தேகமே இல்லை. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறு பறப்பதற்கு இவையும் காரணம். ஆனால், 'போடாதே' என்ற உத்தரவு நாடு முழுக்க ஒரே நாளில் போய்ச் சேர்கிறது. 'இதைப் போடு' என்பது?

அந்த 'இது' இருக்கிறது. மெலாக்சிகாம். மாட்டுக்கு வலி குறையும், கழுகுக்கு ஆபத்தில்லை என்று 2006-லேயே தெரிந்துவிட்டது.

இப்போது இந்தக் கணக்கை தர்மபுரி மாவட்டத்து வத்தல்மலையில் வைத்துப் பாருங்கள். ரொம்ப காலம் ஒழுங்கான ரோடு இல்லாமல் கிடந்த மலை. மழை ராத்திரி. கன்று ஈன்ற பசு எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறது. 1962-க்கு போன் போட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும் என்கிறது அரசாங்கம். எத்தனை மணிக்கு வந்து சேரும்? அதுவரை சொந்தக்காரர் கையில் என்ன இருக்கிறது? பெட்டிக்கடையில் மனுஷனுக்கு விற்கிற மாத்திரை. இல்லாவிட்டால் பாட்டன் காலத்துச் சூட்டுக்கோல். வலிக்கு வைத்தியம், இன்னொரு வலி!

அவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டு நாம் தூங்கப் போகலாம். ஆனால், கையில் மெலாக்சிகாமோடு ஒரு டாக்டர் மலையேறிப் போயிருந்தால் பசுவும் பிழைக்கும், கழுகும் பிழைக்கும், கட்டுரையில் சொன்ன மனுஷனும் பிழைப்பான். தடைக்கு ஒரு அரசாணை போதும். அந்தப் பயணத்துக்குத்தான் செலவாகும்.

அந்தச் செலவை யாராவது ஒருவர் கணக்கில் எழுத வேண்டாமா?