பல்லின் குழியில் ஒரு சூக்ஷ்மம்

பல் வைத்தியர் குழியில் அப்பி, சில விநாடி நீல ஒளியைக் காட்டியதும் கல்லாக இறுகிவிடும் அந்தக் கலவையை அதிசயப் பதார்த்தம் என்றே நான் கருதுகிறேன். அமெரிக்க விஞ்ஞானி ரஃபேல் போவன் 1962-இல் காப்புரிமை பெற்ற, இக்கலவைக்கு ஆதாரமான பிசினில் ஆதியில் கலந்த துகள்கள் பருமனாயிருந்தமையால், அவை உதிர உதிர மெருகு மங்கி, நாவில் சொரசொரப்புத் தட்டிற்று. இன்றோ, ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கிய நானோமீட்டரில் இருபதே அளவுள்ள சிலிக்கா மணிகள், ஒளியலையினும் மிகச் சிறியனவாதலால், ஒளியைச் சிதறடிக்காமல் ஊடுருவவிட்டு இயற்கைப் பல்லின் சோபையைத் தருகின்றன. உதிர்ந்தாலும் பள்ளம் தெரிவதில்லை. இறுகுகையில் சற்றே சுருங்கும் பழைய குறை இன்னும் முற்றும் நீங்கவில்லைதான். ஆயினும், என் பல்லின் குழியை அடைத்த வைத்தியர் கார்பன் தாளைக் கடிக்கச் சொல்லி, உயர்ந்திருந்த இடத்தைச் சீவி மெருகிட்ட பின், என் பல் எங்கே முடிகிறது, ஒட்டு எங்கே தொடங்குகிறது என்று வீடு வந்து சேரும்வரை நாவால் தடவித் தேடினேன், அகப்படவே இல்லை.