பொன்வயல் ஏடுகளில் மருந்து விளம்பரம்

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விழைவோர் அவ்வூர்ச் செய்தித்தாளின் தலையங்கங்களையே முதலில் புரட்டுவர். ஆயின், மக்கள் எதற்கு அஞ்சினர், எந்த வலியால் இரவில் உறக்கமிழந்தனர் என்பதைத் தலையங்கங்கள் உரைப்பதில்லை, விளம்பரங்களே உரைக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியப் பொன்வயல்களில் வெளியான ஏடுகளைப் படிக்குங்கால் இவ்வுண்மை நமக்கு நன்கு புலனாகிறது. அவற்றில் மருந்து விளம்பரம் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்திருக்கக் காண்கிறோம். அதன் நயத்தையும் நஞ்சையும் ஒருங்கே ஆராய்வது பயனுடைத்து.

1851இல் விக்டோரியாக் குடியேற்றத்தில் பொன் கிடைத்தது. பல்லாரட், பெண்டிகோ ஆகிய இடங்களில் விரைவிலேயே கூடார நகர்கள் எழுந்தன. நாற்பதாண்டுகளுக்குப் பின், மேற்கு ஆஸ்திரேலியப் பாலையில், 1892இல் கூல்கார்டியிலும் 1893இல் கால்கூர்லியிலும் அதே கதை மீண்டும் நிகழ்ந்தது. மண்வெட்டியின் பின்னே அச்சுப்பொறியும் வந்து சேர்ந்தது. பெண்டிகோவில் 1853இல் தோன்றிய ஏட்டுக்கு ‘அட்வர்டைசர்’, அதாவது விளம்பரம் செய்வோன் என்றே பெயர். பல்லாரட்டில் 1856இல் ராபர்ட் பெல் என்பார், சீனத் தொழிலாளரைக் கருதிச் சீன மொழியிலேயே ஒரு விளம்பர ஏட்டைத் தொடங்கினார். அக்கால ஏடுகளின் முதற்பக்கத்தைப் பெரும்பாலும் நிறைத்தவை செய்திகள் அல்ல, விளம்பரங்களே. தாயும் மனைவியும் அருகிலின்றி, ஈரக் கூடாரத்தில் காய்ச்சலோடு கிடந்த மனிதனுக்கு மருத்துவர் தொலைவு. அவருடைய கட்டணமோ அதனினும் தொலைவு. கைக்கெட்டியவை ஏடும், அந்த ஏடு புகழ்ந்த புட்டியுமே.

இவை ‘பேட்டண்டு மருந்து’ என்று அழைக்கப்பட்டன. அப்பெயரே ஒரு புனைவு. பேட்டண்டு பெற வேண்டுமாயின் செய்முறையை வெளியிட வேண்டும். இவற்றுள் பெரும்பாலானவற்றின் உரிமையாளர்களோ பெயரை மட்டும் காத்துச் செய்முறையை மறைத்தே வைத்தனர். லண்டனில் 1837இல் களிம்பு விற்கத் தொடங்கிப் பின் மாத்திரையும் விற்ற தாமஸ் ஹாலோவே, 1883இல் மறைந்த காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 50,000 பவுனை விளம்பரத்துக்கே செலவிட்டார் என்பர். பீச்சம் மாத்திரையின் விளம்பரம், பெட்டி ஒன்று ஒரு கினி பெறும் என்று முழங்கியது. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909இல் வெளியிட்ட ஆய்வில், அதனுள் இருந்தவை கரியபோளமும் சுக்கும் சவுக்காரமுமே என்பது வெளிப்பட்டது. 13½ பென்னிக்கு விற்ற பெட்டியிலிருந்த சரக்கின் அடக்கவிலை ஏறத்தாழ அரை ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு! வெளிறியோருக்கு என்று விற்ற டாக்டர் வில்லியம்ஸ் இளஞ்சிவப்பு மாத்திரையின் உரிமையைக் கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபுல்ஃபோர்ட் 1890இல் வாங்கியது 53 டாலர் 1 சென்ட்டுக்கு. அதன் முதன்மைச் சரக்கு நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் அன்னபேதியே. இந்தியாவில் படை மருத்துவராகப் பணியாற்றிய காலிஸ் பிரவுன் வகுத்த குளோரோடைனிலோ அபினும் கஞ்சாவும் குளோரோஃபாரமும் கலந்திருந்தன.

மருத்துவக் கல்வி பெற்றோரும் இவ்வாணிபத்திலிருந்து விலகி நிற்கவில்லை. 1852இல் விக்டோரியாவுக்கு வந்த எல்.எல். ஸ்மித் என்னும் மருத்துவர், மெல்போர்னில் இருந்தபடியே அஞ்சல் வழி ஆலோசனை கூறுவதாக ஏடுகளில் ஓயாது விளம்பரம் செய்து பெருஞ்செல்வம் சேர்த்தார், சட்டமன்றத்திலும் அமர்ந்தார். நேரில் சொல்ல நாணும் நோயைக் கடிதத்தில் எழுத மனிதன் நாணுவதில்லை என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

இவ்விளம்பரங்களின் உயிர் நற்சாட்சிக் கடிதத்தில் இருக்கிறது. அதன் அமைப்பு என்றும் மாறாதது. முதலில் துன்பம்: இத்தனை ஆண்டுகள், இன்ன வலி. அடுத்து, மருத்துவர்கள் கைவிட்ட செய்தி. அதன்பின் ஒரு நண்பரின் சொல்லாலோ, தற்செயலாகக் கண்ணில் பட்ட ஓர் ஏட்டாலோ மருந்து அறிமுகமாகிறது. முதற் புட்டியில் சிறிது நலம். மூன்றாம் புட்டியில் முழு நலம். இறுதியில், பிறர் பயனுறும் பொருட்டு இதனை வெளியிடுக என்ற வேண்டுகோள். இளஞ்சிவப்பு மாத்திரைக்காரர்கள் இன்னும் ஒருபடி முன்னேறி, உள்ளூர்ச் செய்தி போலவே கதையைத் தொடங்கி, படிப்பவன் உருகும் வேளையில் மாத்திரையில் கொண்டுபோய் முடித்தனர். சொற்செட்டும் ஆர்வமும் மெய்போலத் தோன்றும் நுண்விவரங்களும் உடைய இச்சிறுகதைகள் அக்காலக் கதாசிரியர் பலருக்குப் பாடம் சொல்லத்தக்கவை. ஆயின் இக்கதைகளில் ஒரு பாத்திரம் மட்டும் ஒருபோதும் தோன்றுவதில்லை. அது நோயின் காரணம்.

அக்கடிதங்கள் அனைத்தும் பொய்யோ என்று கேட்கலாம். அல்ல என்றே கருதுகிறோம். அபின் இருமலை அடக்கும், வயிற்றோட்டத்தை நிறுத்தும். சோகை பிடித்தவருக்கு இரும்பு நன்மையே செய்யும். பல நோய்கள் மருந்தின்றியும் தாமே தணிகின்றன. ஆகவே கடிதம் எழுதியவரின் நன்றி மெய்யாகவே இருந்திருக்கலாம். அந்நன்றியிலிருந்து பெறப்பட்ட முடிவே பிழை. மருந்துண்டும் மாண்டவர் கடிதம் எழுதுவதில்லை அன்றோ?

இங்கே நம் சமுதாயத்துக்கு நெருக்கமான ஒரு சான்றையும் எடுத்து நோக்குதல் முறை. கூல்கார்டிப் பாலைக்கு உணவும் சரக்கும் சுமந்தவற்றுள் ஆப்கானிய முஸ்லிம்களின் ஒட்டகங்கள் சிறந்த இடம் பெற்றவை. அவர்களைப் போன்றே ஆஸ்திரேலியாவில் ஒட்டகக்காரராக உழைத்து, பின்னாளில் அடிலெய்டு நகரில் மூலிகை மருத்துவராய்ப் புகழ்பெற்ற முகம்மது ஆலம் என்பாரும், குணமடைந்தோரின் நன்றியுரைகளை அச்சிட்டுப் பரப்பியவரே. ஏழைகளுக்கு இரங்கியவர் என்று பெயர் பெற்ற அப்பெரியார், தம்மை மருத்துவராகக் காட்டிக்கொண்டார் என்ற குற்றத்துக்காக 1935இல் தண்டிக்கப்பட்டார். அவருடைய ஈகையை நாம் மதிக்கிறோம். எனினும், அவர் நம் சமயத்தவர் என்பதற்காக அளவுகோல் மாறுதல் கூடாது. நன்றிக் கடிதம் மருந்தின் ஆற்றலுக்குச் சான்றாகாது என்னும் நியாயம் ஹாலோவேக்கு எப்படியோ, அவருக்கும் அப்படியே.

காரணம் மறைக்கப்பட்டதனால் விளைந்தது என்ன? கூல்கார்டியில் 1890களில் டைபாய்டு காய்ச்சல் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. நீரோ அங்கு விலைகொடுத்து வாங்கும் பண்டம். அந்நோய்க்குப் பரிகாரம் புட்டியில் இல்லை. தூய நீரிலும் கழிவகற்றலிலும் இருந்தது. 500 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட குழாயின் வழியே கால்கூர்லிக்கு நீர் வந்தது 1903இல்தான். பெண்டிகோவின் ஆழ்சுரங்கங்களிலோ, இயந்திரத் துளைப்பான்கள் வந்தபின் நுண்ணிய கல்தூசி பெருகி, தொழிலாளரின் நுரையீரலை அரித்தது. விளம்பரம் அவர்களை நோக்கி, உன் இரத்தம் கெட்டது, உன் ஈரல் சோர்ந்தது என்றது. உன் சுரங்கம் கெட்டது என்று சொல்லவில்லை. பழியை உடலின் மேல் ஏற்றி, முதலாளியின் கணக்கிலிருந்து இறக்கியது. கோலார் தங்கவயலில் நம் தமிழ்த் தொழிலாளரின் மூச்சைப் பறித்ததும் இத்தகைய தூசியே. மைசூர் அரசு அந்நோய்க்கென விதிகள் வகுத்தது 1940இல்தான்.

1907ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஆக்டேவியஸ் பீல் என்னும் பியானோ உற்பத்தியாளர், அரச விசாரணை ஆணையராக இருந்து, இரகசிய மருந்துகளைப் பற்றிய பேரறிக்கையை அவ்வாண்டு வெளியிட்டார். அதே ஆண்டில் வால்ட்டர் சம்மன்ஸ் என்னும் மருத்துவர், பெண்டிகோ சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோயைப் பற்றிய அறிக்கையை அளித்தார். முன்னது, புட்டிக்குள் இருப்பது என்ன என்று கேட்டது. பின்னது, மூச்சுக்குள் போவது என்ன என்று கேட்டது. இவ்விரு வினாக்களையும் பொன்வயல் விளம்பரம் அரை நூற்றாண்டுக்கு மேல் எழவிடாமல் காத்தது.

ஏடுகள் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு விளக்கம் கிடைக்கிறது. அங்கும் இதே வாணிபம் செழித்தது. மருந்து உற்பத்தியாளருக்குப் பாதகமான சட்டம் இயற்றப்பட்டால் விளம்பர ஒப்பந்தம் செல்லாது என்னும் விதி, செய்தித்தாள்களோடு செய்த ஒப்பந்தங்களில் இடம்பெற்றிருந்ததை 1905இல் ‘காலியர்ஸ்’ இதழ் அம்பலப்படுத்தியது. விளம்பரதாரன் ஏட்டில் வாங்கியது ஒரு பத்தி இடத்தை மட்டுமா? ஏனைய பத்திகளின் மௌனத்தையும் சேர்த்தே வாங்கினான். ஒவ்வொரு பொன்வயல் ஏட்டிலும் இத்தகைய விதி எழுதப்பட்டிருக்க வேண்டுவதில்லை. சில வார வருவாயில் தொங்கிய சிற்றேட்டுக்கு எழுதாத விதியே போதும்.

அவ்வேடுகளை நம்பியவர்களை நாம் எள்ளி நகையாடுதல் தகாது. அவர்கள் அறிவிலிகள் அல்லர்; வேறு துணை இல்லாதவர்கள். வலியில் துடிப்பவனுக்கு ஒருவன் மறுமொழி கூறினான் என்பதே பெரிது. அது விலைபேசும் மறுமொழி என்பதை ஆராய அவனுக்கு ஓய்வேது? குற்றம் அவனுடையதன்று. காரணத்தை எழுத இடமிருந்தும் எழுதாத ஏட்டினுடையது. இன்றும் இல்லந்தோறும் மருந்தின் புகழ் ஏதேனும் ஒரு வடிவில் வந்து சேர்கிறது. அதன் அடியில் அச்சிட்ட நன்றியுரையைப் படிக்கும்போது, எழுதியவர் உண்மையானவரா என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், எழுதாதோர் எத்தனை பேர், அவர்களை நோயில் தள்ளியது எது என்றும் கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் வளருமாயின், பெண்டிகோ தொழிலாளிக்குக் கிட்டாத காவல் நம் மக்களுக்குக் கிட்டும்.