அம்மனின் குரலில் பேசிய ஆண்கள்

பழவேற்காட்டில் மீன் விற்கும் மூத்த பெண்கள் பலரின் மேற்கையில் காசளவுக்கு ஒரு வட்டத் தழும்பு இருக்கிறது. பெரியம்மைத் தடுப்பூசியின் தடம் அது. 1980இல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. அதனால் என் வயதுக்காரிகளுக்கு அந்தத் தழும்பு இல்லை. ஒருமுறை, கூடைக்காரப் பாட்டி ஒருவரிடம் கேட்டேன்: "குத்தும்போது வலிச்சுதா ஆயா?"

"எனக்கு எங்கம்மா ஞாபகம்? எங்கம்மாதான் அழுதுச்சாம். குத்திக்கினு நேரா அம்மன் கோயிலுக்குப் போயி வேப்பிலை வாங்கினு வந்துச்சாம்."

ஊசியும் வேப்பிலையும் ஒரே நாளில், ஒரே தாயின் கையில். அந்தத் தாய்க்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை. ஆனால் இந்தத் தடுப்புமுறையை இங்கே கொண்டுவந்த ஆண்கள் எழுதிய பனுவல்களை வாசித்தால், இரண்டும் ஒன்றாக இருக்கவே முடியாது என்றுதான் அவர்கள் நம்பியிருக்கிறார்கள்.

1796இல் எட்வர்ட் ஜென்னர் சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்து நீரை எடுத்து ஒரு சிறுவனுக்குக் குத்தினார். இந்தியாவில் முதலில் குத்தப்பட்டது 1802 ஜூன் 14 அன்று, பம்பாயில், ஆனா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுச் சிறுமிக்கு. அவள் கைக் கொப்புளத்து நீர் மற்றக் குழந்தைகளுக்குப் போனது. அங்கிருந்து கைக்குக் கை மாறி மற்ற ஊர்களுக்கும் சென்னைக்கும் வந்தது. சென்னையில் இதை முன்னெடுத்தவர்களில் ஒருவர் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சைதாப்பேட்டையில் சாயப்பூச்சிக்காகக் கள்ளித் தோட்டம் போட்டவரும் அவரே. அவருக்குச் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் சிலை இருக்கிறது. ஆனாவுக்கு ஒரு பெயரும் ஒரு தேதியும்தான் மிச்சம்.

வெயிலில் அம்மைப்பால் கெட்டுவிடும். ஆகவே குத்தப்பட்ட குழந்தையின் கையே அதைச் சுமந்து செல்லும் பாத்திரமாக இருந்தது. எட்டாம் நாள் வாக்கில் தாய் குழந்தையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்; அதன் கொப்புளத்தைக் கீறி எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள். தன் பிள்ளையின் புண்ணை மறுபடி கிளற விடமாட்டேன் என்று தாய்மார்கள் மறுத்தது காலனிய மருத்துவ அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் புகார். அறிக்கைகள் அதை 'மூடநம்பிக்கை' என்ற தலைப்பின் கீழ் சேர்த்தன. ஒரு கூலி நாளை இழந்து, அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, யாரோ ஒருவரின் பிள்ளைக்காகத் திரும்பி நடக்கச் சொன்னால் எந்தத் தாயும் யோசிப்பாள். இதற்கு நம்பிக்கையோ மூடநம்பிக்கையோ தேவையில்லை.

எதிர்ப்பைக் கடக்க அரசு அலுவலர்கள் கண்ட வழி இலக்கியம். தமிழ் மாணவர்களுக்கு எல்லீசன் என்று அறிமுகமான பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ், சென்னைக் கலெக்டர். 1816இல் தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்று சொன்னவர். அவர் தடுப்பூசியைப் பற்றிச் சமஸ்கிருதத்தில் ஒரு செய்யுள் இயற்றி, அதைப் பழைய தாளில் எழுதி, கண்டெடுத்த ஏடுபோல உலவவிட்டதாக அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. ஆண்டர்சனும் இதே உத்தியைக் கையாண்டதாகச் சொல்லப்படுகிறது. மாட்டம்மை பற்றிய கதை ஒன்றும் எல்லிஸ் எழுதியதாக உண்டு. அதில் உரையாடுபவர்கள் அம்மனும் தெய்வ மருத்துவரான தன்வந்திரியும்.

நோக்கம் நல்லதுதானே என்று கேட்கலாம். பிடித்த பத்துப் பேரில் மூன்று பேர் வரை கொன்ற நோய் பெரியம்மை. பிழைத்தவர்களில் பலருக்குப் பார்வை போனது. வேப்பிலை அதைத் தடுக்கவில்லை. தடுத்தது ஊசி. இதில் எனக்கு ஐயமில்லை. என் கேள்வி வேறு: இந்தப் பொய் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது?

சமஸ்கிருதமும் பழைய ஏடும் பசுவின் புனிதமும் பிராமண ஆண்களுக்கான வாதங்கள். பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பத்திலோ நடுக்குப்பத்திலோ ஏரியையும் கடலையும் நம்பி வாழும் வீட்டில் அந்த ஏட்டுக்கு என்ன வேலை? அங்கே அம்மை கண்டால் முடிவெடுப்பது வீட்டுப் பெண். நோயாளியை அம்மனாகவே பாவித்து, வெளியாளை உள்ளே விடாமல், தாளிப்பு நிறுத்தி, தண்ணீர் எந்த நாளில் ஊற்றுவது என்று கணக்கு வைத்தவள் அவள். இதில் சில நோய் பரவலைக் குறைத்திருக்கும், சில பயனற்றவை. இரண்டையும் பிரித்துச் சொல்ல, முதலில் அவளிடம் பேசியிருக்க வேண்டும். எல்லிஸ் அம்மனின் வாயைக் கடன் வாங்கி ஓர் ஆண் மருத்துவரோடு பேசினார். பிள்ளையை மடியில் வைத்திருந்தவள் அந்த உரையாடலில் இல்லை.

அதே காலத்தில் மைசூரில் வேறொன்று நடந்தது. 1805 வாக்கில் தாமஸ் ஹிக்கி வரைந்த ஓவியத்தில் அரச குடும்பப் பெண்கள் மூவர் நிற்கிறார்கள். ஒருத்தி சேலையை விலக்கி இடக்கையின் மேற்பகுதியைக் காட்டுகிறாள். அவள் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் மனைவி தேவஜம்மணி. காட்டுவது ஊசி குத்திய இடம். ஓவியம் தடுப்பூசிக்கான பரப்புரை என்று வரலாற்றாசிரியர் நைஜல் சான்சலர் வாசிக்கிறார். அவர் சொல்லும்வரை அந்தப் பெண்களை நடனப் பெண்கள் என்றே கருதிவந்தார்கள். பொய் ஏடு எழுதியவர் கல்விமானாக நினைக்கப்பட்டார்; சொந்தக் கையைக் காட்டிப் பேசிய பெண்ணின் பெயர் இரண்டு நூற்றாண்டு தொலைந்துபோனது. அரசியின் கை என்பதால்தான் அதுவும் வரையப்பட்டது. மீன்காரியின் கையை யாரும் வரையவில்லை.

இந்த வரலாற்றின் கடைசி அத்தியாயமும் தண்ணீர் சூழ்ந்த ஓரிடத்தில்தான். 1975 அக்டோபரில் வங்கதேசத்தின் போலா தீவில் மூன்று வயது ரஹிமா பானுவுக்குக் கண்டது, கொடிய வகைப் பெரியம்மை இயற்கையாக யாருக்கும் வந்த கடைசி முறை. அதைச் சுகாதாரக் குழுவுக்குத் தெரிவித்தவள் பில்கிஸுன்னிசா என்ற எட்டு வயதுச் சிறுமி. அறிவித்திருந்த 250 டாக்கா பரிசு அவளுக்குக் கிடைத்தது. அங்கே யாரும் அம்மன் குரலில் பேசவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். ஒரு சிறுமி சொன்னதை நம்பினார்கள்.

இன்றும் ஒரு குப்பத்தில் தடுப்பூசிக்குப் பிள்ளைகள் வரவில்லை என்றால் 'தாய்மார்களின் அறியாமை' என்று எழுதிவிடுவது எளிது. வகுப்பில் அந்தத் தொடர் வரும்போதெல்லாம் மாணவிகளிடம் நான் கேட்பது இதைத்தான்: அந்தத் தாயிடம் யார் போய்ப் பேசினார்கள், எந்த நேரத்தில், அவள் மீன் விற்று வீடு திரும்பிய பிறகா? கிராம சுகாதார செவிலியருக்கு இதற்குப் பதில் தெரியும். அவர் பெயரும் பெரும்பாலும் அறிக்கையில் வருவதில்லை.

அந்த ஆயாவின் தாய் அழுதது பயத்தினாலா, பிள்ளைக்கு வலிக்கும் என்றா என்று கேட்டேன். "ரெண்டுந்தான். ஆனா கூட்டினு போச்சுல்ல?" என்றார்.