ஒரு கால் அரங்கில், ஒரு கால் தெருவில்

1921ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி இரவு. நியூயார்க் நகரத்தின் 63ஆம் தெரு மியூசிக் ஹால். அரங்கின் வாசற்கதவு ஓரமாக மூன்று கறுப்பர்கள் நிற்கிறார்கள். நோபிள் சிஸ்ஸில், ஃப்ளூர்னாய் மில்லர், ஆப்ரி லைல்ஸ். உள்ளே நடப்பது அவர்களுடைய இசை நாடகம். பேர் 'ஷஃபிள் அலாங்'. மேடையில் லாட்டி ஜீ என்கிற பெண்ணும் ராஜர் மாத்யூஸ் என்கிற ஆணும் ஒரு காதல் பாட்டை எடுக்கப் போகிறார்கள். ஒரு காலை அரங்குக்குள்ளும் இன்னொரு காலை ஹார்லெம் இருக்கிற வடக்குத் திசை பார்த்தும் வைத்துக்கொண்டு நாங்கள் நின்றோம் என்று சிஸ்ஸில் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கூட்டம் எழுந்து அடிக்க வந்தால் ஓட வேண்டுமே. நாலாவது கூட்டாளி யூபி பிளேக். இசை அவருடையது. அவரால் ஓட முடியாது, மேடைக்கு முன்னால் பியானோவில் மாட்டிக்கொண்டார். அழுகிய தக்காளி பறந்து வந்தால் முதலில் அவர் வழுக்கைத் தலையில்தான் விழும்.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. எந்தப் பாட்டுக்காக இந்தப் பயம்? வெள்ளைக்காரனைத் திட்டுகிற பாட்டா? கலகப் பாட்டா? ஒரு பொண்ணும் ஒரு பையனும் ஒருத்தரையொருத்தர் விரும்புகிறோம் என்று பாடுகிற பாட்டு. அவ்வளவுதான். 'லவ் வில் ஃபைன்ட் எ வே' என்று பேர்.

கறுப்பன் மேடையில் ஆடலாம். உருளலாம், திருடலாம், கோழி களவாடி மாட்டிக்கொண்டு முழிக்கலாம், எசமானை நினைத்து அழலாம். காதலிக்கக் கூடாது. காதலித்தால் அது கேலிக்கூத்தாக இருக்க வேண்டும். வெள்ளைப் பார்வையாளர்கள் முன்னால் இப்படி ஒரு எழுதாத சட்டம் இருந்ததை ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1930இல் வெளியான தன் 'பிளாக் மன்ஹாட்டன்' நூலில் பதிவு செய்திருக்கிறார். எழுதாத சட்டம் அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமா என்ன? எம்.ஏ. தமிழில் எனக்கு அகத்திணை நடத்தினார்கள். அடியோருக்கும் வினைவலருக்கும் அன்பின் ஐந்திணை கிடையாது, கைக்கிளையும் பெருந்திணையும்தான் என்று தொல்காப்பியத்துக்கு உரைகாரர்கள் பொருள் சொன்னதைப் பேராசிரியர் ஒரு நிமிடத்தில் கடந்து போனார். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். ஏவல் செய்கிறவனுக்கு ஒழுங்கான காதல் கிடையாதாம். ஒருதலைக் காமமும் பொருந்தாக் காமமும் உண்டாம். நம்மிடம் எழுதியே வைத்திருந்த சட்டம் இது. அந்தக் கதவோரம் நின்ற மூவரின் கால் நடுக்கம் எனக்கு அந்நியமாகப் படாததற்குக் காரணம் இதுதான்.

நியூயார்க் இரவைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். அதற்கு முந்தைய வெள்ளோட்டத்தை அவ்வளவாக எழுதுவதில்லை. (வெள்ளோட்டம் என்பது தேருக்குச் சொல்கிற வார்த்தை. வடம் பிடிக்க யாருக்கு உரிமை என்கிற பிரச்சனையைக் கண்டதேவி வரைக்கும் பார்த்தவர்கள் நாம்.) ஷஃபிள் அலாங் குழு நியூஜெர்சி, பென்சில்வேனியா சிற்றூர்களில் ஊர் ஊராக அலைந்தது. ரயில் கட்டணத்துக்கே திண்டாட்டம். உடுப்பும் திரைச்சீலையும் வேறு யாரோ போட்டு ஓடாமல் போன நாடகங்களின் மிச்சம். கிடைத்த உடுப்புக்கு ஏற்றபடி பாட்டு எழுதிய கூத்தும் நடந்தது. வாஷிங்டனில் ஹோவர்டு தியேட்டர், ஃபிலடெல்ஃபியாவில் டன்பார் தியேட்டர், இரண்டிலும் கறுப்பர் கூட்டம். அங்கெல்லாம் யாரும் கதவோரம் ஓடத் தயாராக நின்றதாகக் கதை இல்லை. அந்த சனத்துக்கு மேடையில் தங்கள் பிள்ளைகள் காதலிப்பது ஆச்சரியமும் இல்லை, ஆபத்தும் இல்லை. வீட்டில் நடப்பதுதானே.

அந்த அலைச்சலில் ஒரு பாட்டு செத்துப் பிழைத்தது. 'ஐம் ஜஸ்ட் வைல்ட் அபௌட் ஹாரி'. பிளேக் அதை முதலில் வால்ட்ஸ் மெட்டில்தான் போட்டிருந்தார். இது எடுபடாது என்று நடிகை லாட்டி ஜீ மறுத்தார். மனசில்லாமல் மெட்டை வேகமாக்கினார்கள். அப்படியும் கூட்டம் சும்மா இருந்தது. எடுத்துவிடலாம் என்று முடிவு செய்கிற நேரத்தில் ஆட்டக்காரர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. பதிலுக்கு வந்தவருக்கு அடவு வரவில்லை. வரிசையின் கடைசிக்குத் தள்ளினார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? வரிசையை விட்டு முன்னால் வந்து தனக்குத் தெரிந்த ஆட்டத்தை ஆட ஆரம்பித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. பாட்டு தங்கியது. பிளேக்கும் சிஸ்ஸிலும் சொன்ன கதை இது. 1948இல் ஹாரி ட்ரூமன் ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்றபோது அதே பாட்டைத்தான் பிரச்சாரப் பாட்டாக்கிக் கொண்டார்கள். அடவு தப்பிய ஒரு ஏழை ஆட்டக்காரனும் அவனைப் பார்த்துக் குதூகலித்த கூட்டமும் காப்பாற்றிய பாட்டு வெள்ளை மாளிகைக்குப் போயிற்று!

ஆக, வெள்ளோட்டக் கூட்டம் வெறும் கூட்டமில்லை. எதை வைப்பது, எதை வெட்டுவது என்று தீர்மானிக்கிற இன்னொரு ஆசிரியர் அது. அப்படியென்றால் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை விமர்சகன் கேட்டே ஆக வேண்டும்.

நியூயார்க்குக்கு வருவோம். பாட்டு முடிந்தது. தக்காளி வரவில்லை. கைதட்டல் வந்தது. ஒன்ஸ்மோர் கேட்டார்கள். நாடகம் ஏறக்குறைய 500 காட்சிகள் நடந்தது. வெள்ளை மனசு மாறிவிட்டது, கலை வென்றுவிட்டது என்று வரலாற்றுப் புத்தகங்கள் பூரிக்கின்றன. எனக்கு அந்தப் பூரிப்பு வரவில்லை. கைதட்டியவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மனுசன் ஒரு மனுசியை நேசிப்பது சரிதான் என்று தீர்ப்புச் சொல்கிற அதிகாரம் அன்று அந்தக் கூட்டத்தின் கையில் இருந்ததே, அதை என்ன செய்வது? தட்டாமல் இருந்திருந்தால்? பாட்டு மோசம் என்று எழுதியிருப்பார்கள். பார்வையாளனின் சாதிப்புத்தி, நிறப்புத்தி எல்லாம் எப்போதும் 'ரசனை' என்கிற பேரில்தான் வெளியே வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பார்வையாளர் டிக்கெட் வாங்குவதற்கு முன்பே பிரதிக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அந்த நாடகத்தின் வாத்தியக்காரர்கள் தேர்ந்த கலைஞர்கள். ஓபோ வாசித்த வில்லியம் கிராண்ட் ஸ்டில் பின்னாளில் பெரிய இசையமைப்பாளர். ஆனால் மேடைக்கு முன்னால் அவர்கள் இசைக்குறிப்புத் தாளை வைத்துக்கொள்ளவில்லை. முழுவதையும் மனப்பாடம் செய்தார்கள். கறுப்பனுக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியும் என்பதை வெள்ளைக்காரர்கள் நம்ப மாட்டார்கள், பிறவி ஞானம் என்று நினைத்தால்தான் அவர்களுக்குப் பிடிக்கும் என்று பிளேக் விளக்கினார். படித்தவன் படிக்காதவனாக நடிக்க வேண்டும். நம்ம பறை அடிக்கிற அண்ணன்மாரைப் பார்த்து "ரத்தத்துலயே ஊறினது" என்று மெச்சுகிறவர்களை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். எத்தனை வருசம் கை கொப்பளித்துக் கற்றது என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

மில்லரும் லைல்ஸும் கறுப்பர்கள். இருந்தும் கருக்கிய தக்கையைக் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டுதான் மேடையேறினார்கள். கறுப்பன் கறுப்பு வேடம் போட வேண்டியிருந்தது. ஜிம்டவுன் என்கிற ஊரில் மேயர் தேர்தலுக்கு நிற்கிற இரண்டு மளிகைக்கடைக் கூட்டாளிகள் அவர்கள். ஒருவர் கல்லாவில் மற்றவர் கை வைப்பார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. வெள்ளைச் சனம் மட்டுமா? ஹோவர்டிலும் சிரித்தார்கள். இங்கேதான் எனக்குச் சிக்கல். நம்மைக் கேலி செய்கிற வேடத்தை நாமே போட்டு நாமே சிரிக்கும்போது அந்தச் சிரிப்பு யாருடையது? அடிமைப் புத்தி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. எங்கள் ஊர்க் கூத்தில் கட்டியங்காரன் எங்களைப் பற்றிப் பேசுகிற அசிங்கமான நகைச்சுவைக்கு எங்கள் ஆத்தா சிரித்ததைப் பார்த்திருக்கிறேன். அவள் சிரித்தது அந்த நகைச்சுவைக்கு இல்லை, அதைச் சொல்லும்போது கட்டியங்காரன் காட்டிய ஊர்ப் பண்ணையாரின் நடைக்கு. இரண்டு சிரிப்பும் வெளியே ஒரே சத்தம்தான். மேல்வரிசையில் இருப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. அதே சமயம் மில்லர், லைல்ஸை நான் முழுசாக மன்னிக்கவும் தயாராக இல்லை. காதல் பாட்டுக்கு அவர்கள் கொடுத்த விலை அந்தத் தக்கைக் கரி. ஆட்டக்காரப் பெண்களிலும் வெளிர் நிறத்தவர்களையே தேடினார்கள். ஜோசஃபின் பேக்கர் என்கிற சின்னப் பெண்ணை வயசும் போதாது, நிறமும் சரியில்லை என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். பிறகு சுற்றுப்பயணக் குழுவில் சேர்ந்த அந்தப் பெண்ணைப் பார்க்கவே கூட்டம் வந்தது என்பது வேறு கதை.

அந்த அரங்கில் இருக்கை விசயத்திலும் ஒன்று நடந்தது. கறுப்பர்கள் மாடியில்தான் உட்கார வேண்டும் என்பது அன்றைய நியூயார்க் அரங்குகளின் வழக்கம். இங்கே கீழ்த்தளத்தில் ஐந்தாவது வரிசை வரைக்கும் கறுப்பர்கள் உட்கார்ந்திருந்ததை அன்றைய நாடகத் தொழில் ஏடு ஒன்று ஒரு செய்தியாகவே எழுதியது. அதிலிருந்து எட்டு நாள். மே 31ஆம் தேதி இரவும் ஜூன் 1ஆம் தேதியும் ஓக்லஹோமா மாநிலம் டல்சாவில் கிரீன்வுட் என்கிற கறுப்பர் பகுதியை வெள்ளைக் கும்பல் கொளுத்தியது. எரிந்தவற்றில் கறுப்பர்களுக்குச் சொந்தமான டிரீம்லேண்ட் தியேட்டரும் ஒன்று. ஒரே நாடு, ஒரே வாரம். ஒரு ஊரில் ஒன்ஸ்மோர், இன்னொரு ஊரில் தீ.

கைதட்டலை நம்பாமல் நாற்காலியைப் பிடித்து உலுக்கியவர்களும் உண்டு. ஜார்ஜ் கெர்ஷ்வினின் 'போர்கி அண்ட் பெஸ்' 1935இல் பாஸ்டனில் வெள்ளோட்டம் பார்த்து நியூயார்க் போய், 1936 மார்ச்சில் வாஷிங்டன் நேஷனல் தியேட்டருக்கு வந்தது. அங்கே கறுப்பருக்கு அனுமதியில்லை. போர்கியாகப் பாடிய டாட் டன்கன் அதே ஊரில் ஹோவர்டு பல்கலைக்கழக ஆசிரியர். என் சனம் உட்கார முடியாத இடத்தில் நான் பாட மாட்டேன் என்று நின்றார். குழுவும் சேர்ந்து நின்றது. அரங்கம் இறங்கி வந்தது. அந்த நாடகம் நடந்த நாட்களில் மட்டும். அப்புறம் பழையபடிதான். 1948இல் பிரிவினையைக் கைவிடச் சொன்னபோது நாடகத்தையே கைவிட்டு சினிமாக் கொட்டகையாக மாறிக்கொண்டது. 1952இல்தான் எல்லாருக்கும் கதவு திறந்தது.

எங்கள் குழுவின் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பத்துப் பேர். செங்கல் சூளையில் கல் அறுக்கிற பெண்ணுக்கும் பறையடிக்கிற பையனுக்கும் இடையே மூன்றாம் காட்சியில் ஒரு பாட்டு வைத்திருந்தோம். அழுகை இல்லை, கேலி இல்லை, அடி உதை இல்லை. சும்மா ரெண்டு பேர் பேசிக்கொள்கிற மாதிரி ஒரு பாட்டு. முதலில் எங்கள் காலனியிலேயே ஒரு டியூப்லைட் கட்டி நடத்திப் பார்த்தோம். பாட்டு முடிந்ததும் சத்தமே இல்லை. எனக்குப் பக்கென்றது. பிறகு ஒரு கிழவி, "அதை இன்னொருக்கா பாடச் சொல்லுய்யா" என்றாள்.

அடுத்த மாதம் நகரத்தில் ஒரு மண்டபத்தில், அழைக்கப்பட்டவர்களுக்காக ஒரு காட்சி. படித்தவர்கள், முற்போக்காளர்கள், நாடகம் தெரிந்தவர்கள். அதே பாட்டு. பையன் பெண்ணின் கையைப் பிடித்ததும் ஒருத்தர் கிளுக்கென்று சிரித்தார். அது வரிசை வரிசையாகப் பரவியது. நான் மண்டபத்து வாசற்படியில் நின்றிருந்தேன். முடிந்ததும் டீ டம்ளரோடு வந்து பெரியவர் ஒருவர் என் தோளில் கை போட்டார். "தம்பி, கோபம் நல்லா வந்திருக்கு. அந்தக் கொலைக் காட்சி உலுக்கிடுச்சி. காதல்தான் ஒட்டல. எடுத்துருங்க. உங்க வலியைக் காட்டுங்க, அதுதான் உங்க பலம்." நல்ல மனுசர். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

வண்டியில் திரும்பும்போது அந்த வேடம் கட்டிய தங்கச்சி ரொம்ப நேரம் பேசவில்லை. செங்கல்பட்டு தாண்டியதும் கேட்டாள்: "அண்ணே, நான் சரியா பாடலையா?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரையை எழுதி முடித்துவிட்டு அவளிடம் படித்துக் காட்டினேன். பியானோக்காரர் வழுக்கைத் தலை வந்த இடத்தில் சிரித்தாள். மூன்றாம் காட்சியை எடுக்கவில்லை. அடுத்த காட்சி மாசியில், சூளை மேட்டில்.