அரை மில்லிகிராம் மருந்து

கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கி, மேலே போர்வை பட்டால்கூட உயிர் போகும். யூரிக் அமிலம் படிகமாக மூட்டில் படிவதால் வரும் கவுட் வலி அது. நவி மும்பையின் கோபர்கைரனேயில் நம் தமிழர்களுக்கு இந்த வலி வந்தால் பக்கத்து வீட்டிலிருந்தே வைத்தியம் வந்துவிடும்: "எங்க வீட்டுக்காரருக்கு இந்த மாத்திரைதான் கேட்டுச்சு, போட்டுப் பாருங்கண்ணே." அப்படிக் கைமாறும் மாத்திரைகளில் கோல்ச்சிசினும் ஒன்று. அருமையான மருந்துதான், ஆனால் கைமாறக் கூடாத மருந்து.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலிருந்து இதை எடுக்கிறார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கத்து விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு, காய் நன்றாகப் பிடிக்கப் பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் தொட்டுவைக்கிறார்கள். அதே கிழங்கைத் தின்று உயிர்விட்டவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்ற பேச்சு இந்தச் செடியிடம் எடுபடாது.

செல்லுக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தை மருந்து பிடித்துக்கொள்கிறது. அந்தப் புரதத்தால் கட்டப்படும் நுண்குழல்கள் உருவாகாததால், படிகத்தைத் தாக்க ஓடிவரும் வெள்ளை அணுக்கள் தளர்கின்றன, வீக்கம் வடிகிறது. யூரிக் அமிலம் மட்டும் குறையாது, அதற்கு வேறு மருந்து வேண்டும். அளவு மிஞ்சினால் இதே வேலை குடல் சுவரையும் எலும்பு மஜ்ஜையையும் சிதைக்கிறது. டயாலிசிஸ் செய்தும் மருந்தை வெளியேற்ற முடியாது.

வலி விடும்வரை, அல்லது பேதியாகும்வரை மணிக்கொரு மாத்திரை என்று ஒரு காலத்தில் கொடுத்தார்கள். இதைவிட மோசமான வழக்கம் இந்த மருந்தின் வரலாற்றில் இருந்திருக்குமா என்பது சந்தேகம். பேதி நச்சின் முதல் அறிகுறி. அதையே அளவுகோலாக வைத்திருந்தார்கள். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு மணி நேரத்தில் மொத்தம் 1.8 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும், ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குறைந்தது. பேதி மட்டும் இரண்டாமவர்களுக்கு மிக அதிகம். இத்தனை காலம் நோயாளிகள் பட்ட அவதி வீண் என்பதை நினைத்தால் மனம் கசக்கிறது.

இப்போது இதய மருத்துவர்களும் இதைக் கையில் எடுத்திருக்கிறார்கள். மாரடைப்பு வந்த 4,745 பேரிடம் நடந்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், தினமும் 0.5 மில்லிகிராம் எடுத்தவர்களில் 5.5 சதவீதம் பேருக்கே இதய, ரத்தநாளப் பாதிப்பு வந்தது, எடுக்காதவர்களில் 7.1 சதவீதம். 2023இல் அமெரிக்கா இந்த அளவுக்கு அனுமதியும் கொடுத்தது. அடுத்த ஆண்டே, 7,000க்கு மேற்பட்டவர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில் பலன் தெரியவில்லை. மாரடைப்பு வந்த எல்லோருக்கும் எழுதிக்கொடுக்க இது போதாது என்பேன்.

எனக்குப் பெரிய கவலை சிறுநீரகம் தளர்ந்த முதியவர்கள்தான். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சளிக்காகச் சேர்த்து எடுத்தால், கோல்ச்சிசின் உடலில் தேங்கிவிடும். வழக்கமான அளவே நஞ்சாகும். வெராபமில், டில்டியாசெம், சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களுக்கும் இதே ஆபத்து. கொழுப்புக்கான ஸ்டாட்டினோடு சேர்ந்தால் தசை பழுதாகலாம்.

அட்டையைக் கத்தரித்து நான்கு மாத்திரை வாங்கிவருகிறோம். மருந்தின் பெயரும் மில்லிகிராமும் பெரும்பாலும் கடையில் நின்றுவிட்ட துண்டில் இருக்கும். நள்ளிரவில் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, என்ன மருந்து, எத்தனை மணிக்கு எடுத்தார் என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார்.