அல்லியின் வாளும் அல்லியின் உறக்கமும்

செஞ்சி வட்டாரத்தில் பெண்ணின் போர் என்றதும் நினைவுக்கு வருபவள் திரௌபதிதான். கோட்டைக்கு அருகிலுள்ள மேலச்சேரி, அவள் வழிபாட்டின் தொன்மையான இடங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. பாரதக் கூத்தின் முடிவில், மண்ணால் செய்த துரியோதனன் உருவம் திடலில் கிடக்க, அவன் குருதியால் அவள் கூந்தல் முடிக்கப்படுகிறது. அவள் படை நடத்துவதில்லை. ஆயினும் பதினெட்டு நாள் போரும் அவளது சபதத்துக்குக் கட்டுப்பட்டே நடக்கிறது.

கூத்தில் இடம்பெறும் அல்லியோ தானே வாளெடுத்தவள். 'அல்லியரசாணி மாலை' புகழேந்திப் புலவர் பெயரால் வழங்குகிறது. அவர் பாடியதன்று என்றே ஆய்வாளர் பலர் கருதுவர். பெரிய எழுத்துப் பதிப்புகளாக அச்சேறி, எழுத்துக்கூட்டிப் படிப்போரையும் எட்டிய நூல் இது. பாண்டிய நாட்டைக் கைப்பற்றியிருந்த நீன்முகனை வென்று அல்லி அரசாள்கிறாள். அமைச்சர், படை, காவல் எல்லாம் பெண்கள். இத்தகையவளை அருச்சுனன் மனைவியாக்கிக்கொள்வது எப்படி? கண்ணனின் துணையோடு பாம்பு வடிவில் பள்ளியறை புகுந்து, உறங்குகிறவளுக்குத் தாலி கட்டிவிடுகிறான்! விழித்திருக்கும் அல்லியிடம் செல்லாதது, உறங்கும் அல்லியிடம் செல்லுபடியாகிவிடுகிறது. இதைக் கேட்டு நாம் சிரித்து வந்திருக்கிறோம்.

இக்கதையோடு ஒப்பிட ஜப்பானிலிருந்து ஒரு படைப்பு கிடைக்கிறது. 2006இல் எக்ஸாமு நிறுவனம் விளையாட்டுக்கூடங்களுக்காக வெளியிட்ட 'ஆர்கானா ஹார்ட்' என்னும் சண்டை விளையாட்டு அது. நம்மிடையே அறிந்தோர் சிலரே. முதற்பதிப்பில் மோதுவோர் 11 பேர், அனைவரும் பெண்கள். ஆடுபவர் ஒருத்தியைத் தேர்ந்து, அவளுக்குத் துணையாக 11 ஆவிகளுள் ஒன்றையும் தேர்கிறார். ஆக, 121 இணைகள். நுட்பமான அமைப்பு இது. ஒரே பெண் துணை மாறியதும் வேறு வீராங்கனையாகிவிடுகிறாள். வெல்பவளும் பெண், வீழ்பவளும் பெண். உறக்கத்தில் வந்து வெல்ல அங்கே அருச்சுனன் இல்லை.

உள்ளே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிச் சீருடையும் பணிப்பெண் உடையுமாக அவர்களை வரைந்த தூரிகை யாருடைய கண்ணை நாடுகிறது என்பது பார்த்தவுடன் விளங்கும். ஆடவர் கண்ணுக்காகக் கட்டிய பெண்ணுலகம் அது. நாமும் ஏளனம் செய்வதற்கில்லை. தெருக்கூத்தில் அல்லி வேடத்தை ஆண்களே கட்டுவது மரபாயிற்றே.

இரண்டில் எனக்கு உயர்ந்ததாகப் படுவது அல்லி கதைதான். விளையாட்டின் பெண்களுக்கும் சிறு சிறு கதைகள் உண்டு. எனினும் நாணயம் விழுந்தால் போர், நேரம் முடிந்தால் ஓய்வு. அல்லிக்கோ மீட்க ஒரு நாடு இருந்தது. அந்தக் காரணத்தைத் தந்த புலவரே அவள் விழித்தெழும் கணத்தின் கனத்தை உணராமல் கதையை ஓட்டிவிடுகிறார். இங்கேதான் நூல் தளர்கிறது. கழுத்தில் கிடப்பது என்னவென்று அல்லி தொட்டுப் பார்க்கும் அந்த நொடியில் மத்தளத்தை நிறுத்தி, கட்டியங்காரனையும் வாய்மூட வைத்து ஆடும் ஒரு கூத்தைக் காண விரும்புகிறேன்.